பழைய மவுன்டன் பைக்: எடை குறைத்துக் கட்டப் போகிறவர்களுக்கு

பழைய ஃப்ரேம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கிலோவுக்குள் கொண்டுவரலாம்?" சஸ்பென்ஷன் இல்லாத நல்ல எஃகு வண்டி என்றால் 10, 11 கிலோ. 1990-களின் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் ஓட்டியதும் ஏறக்குறைய அதே எடைதான். ஆனால் அந்தக் காலத்தின் மிக இலேசான பாகங்கள் பந்தயத்துக்கென்று செய்தவை. ஒரு சீசன் ஓடினால் போதும், அடுத்த ஆண்டு புதிது வரும் என்ற கணக்கில் பிறந்தவை. இன்று அவற்றுக்கு 30 வயது தாண்டிவிட்டது. கீழே சொல்வதையெல்லாம் இதை மனதில் வைத்தே படியுங்கள்.

1. முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். பாகம் வாங்குவதெல்லாம் பிறகு.

கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமல்பையஸ் மலையைச் சுற்றி இந்த விளையாட்டு தொடங்கியபோது ஓடியவை பழைய ஷ்வின் வண்டிகள். 1976-ல் தொடங்கிய ரீபேக் பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, இறக்கத்தில் பின் ஹப் பிரேக் சூடேறி கிரீஸ் எரிந்துபோய், ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான். ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே ஃப்ரேம் கட்டினார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அந்த வண்டிகளை இளைக்க வைக்காதீர்கள். நீண்ட உடலும் சாய்ந்த ஃபோர்க்கும் கனமான இரும்பும்தான் அவற்றின் இயல்பு; இருக்கிறபடியே பேணுங்கள்.

எடை குறைக்க ஏற்ற காலம் 1990 முதல் 1994 வரை. 1990-ல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப் நடந்தது. கிராஸ்கன்ட்ரியில் ஆண்களில் நெட் ஓவரெண்டும் பெண்களில் ஜூலி ஃபுர்டாடோவும் வென்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பட்டறையும் கிராம் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. பின் ஹப்பின் அகலமும் அப்போது 130 மி.மீ.யிலிருந்து 135-க்கு வந்து நிலைத்துவிட்டதால் பாகம் தேடுவது எளிது.

2. ஃப்ரேமைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், விரலால் பாருங்கள்.

டாங்கே பிரெஸ்டீஜ் மாதிரியான நல்ல எஃகுக் குழாய் இரு முனைகளிலும் தடித்து, நடுவில் அரை மி.மீ. அளவுக்கு மெலிந்திருக்கும். எடை குறைவதும் அடி வாங்குவதும் அந்த மெலிந்த இடத்தில்தான். டவுன் ட்யூப் ஹெட் ட்யூப்பைத் தொடும் இடத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை பின்னால், அடிப்பக்கத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கோ நேருக்கு நேர் மோதிய வண்டியாக இருந்தால் அங்கே ஒரு சிறு மேடு நகத்தில் தட்டும். பெயின்ட்டில் குறுக்காக மயிரிழை போல ஒரு விரிசல் ஓடும். டாப் ட்யூப்பின் அடியிலும் அதேபோலப் பாருங்கள். மேடு தட்டினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து சீட் போஸ்ட். அலுமினியமும் எஃகும் மழைநீரிலும் வியர்வையிலும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். காசு கொடுப்பதற்கு முன் போஸ்ட்டைத் தளர்த்தி, அது அசைகிறதா என்று நீங்களே திருகிப் பாருங்கள்.

3. வேர்னியர் காலிப்பர் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

சீட் போஸ்ட் 26.8, 27.0, 27.2 என்று 0.2 மி.மீ. இடைவெளியில் வரும். ஒரு அளவு தவறினால் ஒன்று நுழையாது, இல்லையென்றால் உள்ளே ஆடி ஃப்ரேமைக் கிழிக்கும். ஹெட்செட்டில் அப்போது ஒரு இஞ்ச், ஒன்றே கால் இஞ்ச், இரண்டுக்கும் நடுவில் ஒன்றே அரைக்கால் இஞ்ச் என்று மூன்று அளவுகள் ஒரே காலத்தில் ஓடின. பாட்டம் பிராக்கெட் 68 மி.மீ.யா 73 மி.மீ.யா என்று அளந்து எழுதி வையுங்கள். வலப்பக்க மரை இடமாகச் சுற்றும் என்பதை மறந்து பலங்கொடுத்தால் மரை போய்விடும்.

4. பாகத்தின் முதுகைப் படிக்கப் பழகுங்கள்.

ஷிமானோ பாகங்களின் பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதலெழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். கிராங்க்கின் பின்புறம் அழுக்கைத் துடைத்தால் 'பி-சி' தெரிகிறதா? அந்த 'பி' ஆங்கில அகரவரிசையில் ஓ-வுக்கு அடுத்த எழுத்து என்றால் அது 1991 மார்ச். விற்பவர் எதைச் சொன்னாலும் எழுத்து பொய் சொல்லாது. 1991 வண்டியில் 1996 பாகம் ஏறினால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். அந்த ஆண்டின் பேச்சை அந்த வண்டி பேச வேண்டும்.

5. தராசும் நோட்டும் வாங்குங்கள். கம்பெனிக்காரர்கள் அச்சடித்த எடையை நம்பாமல் ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து எழுதுங்கள்.

6. முதல் காசு சக்கரத்துக்குப் போகட்டும்.

வேகமெடுக்கும்போது காலுக்கு அதிகம் தெரிகிற எடை ரிம்மிலும் டயரிலும்தான் இருக்கிறது. 32 துளை கொண்ட, ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ள ரிம் அந்தக் காலத்திலேயே கிடைத்தது. ஆனால் பழைய ரிம்மில் பிரேக் கட்டை உரசிய பக்கச் சுவர் குழிந்திருக்கும். ஒரு இரும்பு ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நன்றாகக் குழிந்த ரிம், காற்றழுத்தத்தில் ஒரு நாள் பிளந்துகொள்ளும்.

ஸ்போக்ஸ் கம்பி நடுவில் 1.8 மி.மீ. ஆக மெலிந்ததை வாங்குங்கள். அது எடையும் குறைவு, நேர் கம்பியைவிட அதிகம் உழைக்கும். பித்தளை நிப்பிள் ஏறக்குறைய ஒரு கிராம். அலுமினிய நிப்பிள் அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 64 நிப்பிளில் 40 கிராம் மிச்சம். இருந்தாலும் பின் சக்கரத்தின் செயின் பக்கத்துக்குப் பித்தளையே போடுங்கள், இழுவிசை அங்கேதான் அதிகம் விழுகிறது. பெண்டு எடுக்க நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

டயரில் மட்டும் பழசு தேடாதீர்கள். பக்கச் சுவர் வெடித்த ரப்பர், இறக்கத்தில் ஆளைக் கவிழ்க்கும். அன்று பின்னால் பானாரேசர் ஸ்மோக்கும் முன்னால் டார்ட்டும் போட்டு ஓட்டாதவர்கள் குறைவு. அதே வடிவத்தில், அதே மண்நிறப் பக்கச் சுவரோடு அந்தக் கம்பெனியே மறுபடி செய்து விற்கிறது. தயங்காமல் வாங்குங்கள்.

7. ஊதா நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அலுமினியக் கட்டியை மெஷினில் கடைந்து, ஊதா அனோடைஸ் ஏற்றிய கிராங்க்குகளும் பிரேக் லீவர்களும் அந்தச் சில ஆண்டுகளின் அடையாளம். அழகானவை, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைந்த கிராங்க்கைவிட அடித்து உருவாக்கிய கிராங்க் நீண்ட நாள் தாங்கும். ஷிமானோ எக்ஸ்டி எம்730 கிராங்க் இன்னும் எத்தனையோ வண்டிகளில் ஓடுகிறது. கடைந்தது வேண்டும் என்றால், பெடல் மரையைச் சுற்றியும் கைகள் பிரியும் மூலையிலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு போடுங்கள்.

8. ஹேண்டில்பார், ஸ்டெம்: இந்த இரண்டில் எடையைப் பார்க்காதீர்கள். எஃகுக்குத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை வளைந்தாலும் உடையாது. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், யாரோ 30 வருடம் ஓட்டிய கணக்கு நமக்குத் தெரியாது. இலேசான பழைய பாரைச் சுவரில் மாட்டுங்கள். வண்டிக்குப் புதிது போடுங்கள், 25.4 மி.மீ. பிடிப்பில் இப்போதும் கிடைக்கிறது. டைட்டானியம் போல்ட்டும் அப்படித்தான்: பாட்டில் கூட்டுக்குப் போடலாம், ஸ்டெம்முக்கும் பிரேக்குக்கும் கூடாது.

9. கியர் லீவர் வேலை செய்யவில்லை என்று தூக்கி எறியாதீர்கள். ஷிமானோவின் ரேபிட்ஃபயர் லீவரை அழுத்தினால் கட்டை போல வெறுமனே போய் வருகிறதா? பெரும்பாலும் உள்ளே உடைந்திருக்காது. பழைய கிரீஸ் மெழுகாகி, கொக்கிகளைப் பிடித்து வைத்திருக்கும். மண்ணெண்ணெயில் அலசி, ஊறவிட்டு, மறுபடி அலசி, இலேசான ஆயில் விடுங்கள். 'டக்' என்ற சத்தம் திரும்பி வரும். என் விருப்பம் பாரின் மேலே உட்காரும் கட்டைவிரல் லீவர்தான். இலேசானது, எளிமையானது, இண்டெக்ஸ் தகராறு செய்தால் திருப்பிவிட்டு வெறும் உராய்விலேயே ஓட்டலாம்.

சன்டூர் பாகத்தை ஷிமானோவோடு கலக்காதீர்கள், பல் இடைவெளி ஒத்துவராது. சாய்ந்த இணைகர டீரெய்லியரை (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவியை) 1964-லேயே கண்டுபிடித்தது சன்டூர்தான். காப்புரிமை முடிந்த பிறகு மற்றவர்கள் எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். முழு சன்டூர் வண்டி ஒன்றை யாராவது கட்டினால் மனதாரப் பாராட்டுவேன்.

10. ஃபோர்க் எஃகிலேயே இருக்கட்டும். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் அந்தக் காலத்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால் சில நூறு கிராம் கூடும், சீல்களும் காய்ந்திருக்கும்.

11. கான்டிலீவர் பிரேக்கில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது.

டயருக்கு மேலே இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியை மேலிருந்து ஒரே கேபிள் இழுக்கிறது. அந்தக் கேபிள் அறுந்தால் குறுக்குக் கம்பி டயர் முள்ளில் விழுந்து முன் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் ஹேண்டிலுக்கு மேலே பறப்பார். கடைகளில் ஃபோர்க்கில் ரிஃப்ளெக்டர் தகடு பொருத்தி அனுப்பியது வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை, விழும் கம்பியைத் தாங்கவும்தான். எடை என்று அதைக் கழற்றுகிறீர்கள் என்றால் அந்த இடத்தில் கம்பியைத் தாங்க ஒரு சிறு கொக்கியாவது போடுங்கள். கேபிளும் கட்டையும் புதிதாக இருக்க வேண்டும். 1996 வாக்கில் வந்த வி-பிரேக் கைகளைப் பழைய லீவரோடு சேர்க்காதீர்கள். அவற்றுக்கு அதிகக் கேபிள் இழுப்பு வேண்டும்.

12. முதல் ஓட்டம் முடிந்ததும் வண்டியைக் கழுவி, தலைகீழாக நிறுத்தி, கிராங்க் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சதுர அச்சில் கிராங்க் முதல் சில மைல்களில் உள்ளே ஏறி உட்காரும். தளர்ந்த நிலையில் ஓட்டினால் அலுமினியத் துளை வட்டமாகிவிடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஸ்போக்ஸை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள், தளர்ந்தது கைக்குத் தெரியும். பிறகு நகத்தை எடுத்து, இரண்டாவது எண்ணில் சொன்ன இடத்தை மறுபடியும் ஒரு தடவை தடவிவிட்டு அடுத்த சவாரிக்குக் கிளம்புங்கள்.