கைமாறும் பங்குகளின் தொகை

பங்குச் சந்தையில் விலையை மட்டும் நோக்குவோர் பாதியையே காண்பர். எத்தனை பங்குகள் கைமாறின என்பதும் நோக்கற்பாலது. விலைக் குறியெண் ஏறுங்கால் இத்தொகையும் பெருகின் ஏற்றம் உறுதியென்றும், சுருங்கின் தளர்ச்சி அணித்தென்றும் இத்துறையோர் கொள்வர். உயர்ந்த நாளின் தொகையைக் கூட்டித் தாழ்ந்த நாளின் தொகையைக் கழித்துவரும் அளவையொன்றை ஜோசப் கிரான்வில் என்பார் 1963-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

பெருந்தொகைப் பங்குகள் கைமாறி விலை சரிந்த நாளே வீழ்ச்சியின் முடிவு, அன்றே வாங்குக என்பது மற்றொரு விதி. இதனை நியூயார்க் சந்தையில் வைத்துச் சோதிப்போம். 1929 அக்டோபர் 29-ல் ஏறக்குறைய 1 கோடியே 64 லட்சம் பங்குகள் கைமாறின. டௌ ஜோன்ஸ் தொழிற் குறியெண் 230-ல் நின்றது. நவம்பரில் 198 வரை தாழ்ந்து, 1930 ஏப்ரலில் 294-க்கு மீண்டது. விதி பலித்ததென்றே அன்று வாங்கினோர் மகிழ்ந்திருப்பர். விற்காது வைத்திருந்தோர் கதி யாது? 1932 ஜூலை 8-ல் குறியெண் 41! மெய்யான அடித்தளம் அதுவே. அன்று கைமாறியவையோ எட்டு லட்சத்திற்கும் குறைவு. விற்பார் ஓய்ந்தனர், வாங்குவாரும் அரியர். கலக்கத்தை அளந்து காட்டிய தொகை, அதன் முடிவுநாளைக் காட்டிற்றில்லை. அவ்வமைதியைக் கண்டு, இஃது அடியென அன்றே துணிந்திருப்போம் என்று கூற நமக்கு நா எழவில்லை.