உடைமை காட்டும் மூன்று ஆங்கிலச் சொற்கள்

முதலாண்டு ஆங்கில வகுப்பில், ‘ஐ ஓன் டூ பிரதர்ஸ்’ என்று எழுதிப் படித்தேன். வகுப்பே சிரித்தது. அகராதியில் ‘ஓன்’ என்றால் ‘உடைமையாகக் கொள்’ என்றுதானே இருக்கிறது, பிழை எங்கே என்று அன்று விளங்கவில்லை. விடை தமிழ் வகுப்பில் கிடைத்தது.

ஆறாம் வேற்றுமைப் பொருளை நன்னூல் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரிக்கிறது. ‘எனது கை’ தற்கிழமை. கை என்னை விட்டுப் பிரியாதது. ‘எனது வீடு’ பிறிதின்கிழமை, விற்றால் பிறருடையதாகிவிடும். இவ்வாறு கைமாறக்கூடிய பொருளுக்கே ‘ஓன்’ உரியது. கைக்கும் துணிவுக்கும் அது பொருந்தாது. தம்பியோ பிரியக்கூடியவனே, ஆயினும் விலைப்பொருள் அல்லன். இம்மூன்றுக்கும் ‘ஹேவ்’ என்பதே தக்கது.

‘ஹேவ்’ எங்கும் பொருந்தும்; ஆனால் உரிமையை உறுதிசெய்யாது. நூலகப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஐ ஹேவ் தி புக்’ எனலாம்; ‘ஐ ஓன் தி புக்’ என்றால் பொய். ‘என்னிடம் இருக்கிறது’, ‘என்னுடையது’ என்று தமிழில் நாம் காட்டும் வேறுபாடே இது.

‘இது யாருடையது?’ என்ற வினாவுக்கு மூன்றாவது சொல் உதவும். ‘இட் பிலாங்ஸ் டு தி லைப்ரரி’ என்னும்போது பொருளே எழுவாயாக முன்நிற்கிறது. நம்மிற் பலர் சொல்லும் ‘இட் இஸ் பிலாங்கிங் டு’ பிழை. உடைமை ஒரு நிலையே அன்றி, நடந்துகொண்டிருக்கும் செயல் அன்று.

நண்பர்களே, தமிழிலக்கணத்தைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். ஆங்கிலம் கற்கவும் அது நமக்குக் கைவிளக்கு.