பழைய உறுப்புகளில் ஒரு புதிய மிதிவண்டி

தோட்டத்து மக்களுக்கு மிதிவண்டி புதியதொரு பொருளன்று. விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லவும், நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து நிலையம் சேர்க்கவும், மாலையில் கடைத்தெருவுக்குப் போய்வரவும் அது தலைமுறை தலைமுறையாய் உதவி வந்திருக்கிறது. லயங்களின் பின்புறத்தில் துருவேறிய சட்டம் ஒன்றோ, கம்பி அறுந்த சக்கரம் ஒன்றோ சாய்ந்து கிடப்பதும் நமக்குப் பழகிய காட்சியே. அதனைக் குப்பை என்று கழிப்பதா, பயன்படு பொருள் என்று கொள்வதா என்பது நம் அறிவையும் கைத்திறனையும் பொறுத்தது.

கழிக்கப்பட்ட உறுப்புகளைச் சேர்த்துத் தம் விருப்பத்துக்கேற்ற வண்டியைக் கட்டிக்கொள்வது இன்று பல நாட்டு இளைஞர்களின் பொழுதுபோக்காக விளங்குகிறது. அமெரிக்காவில் இத்தகைய வண்டியை ‘ரேட் ராட்’ என்பர். பழைய மோட்டார் கார்களை மெருகிடாமல், துருவும் தழும்பும் தெரியும்படியே கட்டி ஓட்டியவர்களிடையே வழங்கிய பெயர் அது. பின்னர் மிதிவண்டிக்கும் வந்தது. நிமிர்ந்து அமர்ந்து, அகன்ற டயர்களின்மீது நிதானமாகச் செல்லும் வண்டி ‘குரூசர்’ எனப்படும். 1933இல் ஷ்வின் என்னும் அமெரிக்க நிறுவனம் பருத்த டயர் பூட்டிய வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இவ்வகை வளர்ந்தது.

அண்டை நாடாகிய சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய வண்டியை எவ்வாறு கட்டுவது, எந்த உறுப்பைப் பழையதாகக் கொள்ளலாம், எதனைக் கொள்ளலாகாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ரப்பரும் மிதிவண்டியும்

மிதிவண்டிக்கும் நம் தொழிலுக்கும் உள்ள உறவு சிங்கப்பூரிலேயே தொடங்குகிறது எனலாம். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டறிந்தார். அதே 1888இல்தான் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தைக் காத்துப் பால் எடுத்தவரும், அந்தப் பாலுக்குப் பெருஞ்சந்தை உண்டாக வழிசெய்தவரும் ஒரே ஆண்டில் தம் பணியைத் தொடங்கியது வியப்புக்குரியது.

உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதன் அருமையைப் போர்க்காலமும் காட்டிற்று. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினரில் பல்லாயிரவர் மிதிவண்டியிலேயே தெற்கு நோக்கி வந்தனர். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் இவ்வட்டாரத்தில் விற்பனையாகியிருந்தமையால், பழுதான உறுப்புக்கு மாற்று உறுப்பு வழியிலுள்ள ஊர்களிலேயே அவர்களுக்குக் கிட்டியது. பொதுமக்களின் வண்டிகளும் பறிக்கப்பட்டன. டயர் வெடித்தபின் வெறும் இரும்பு வளையத்தின்மீதே ஓட்டிச் சென்றார்கள். அந்த இரைச்சலைக் கவச வண்டிகளின் ஓசையென்று எதிர்ப்படையினர் மயங்கியதும் உண்டு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. துயரமான வரலாறு அது. ஆயினும், அளவு பொருந்தும் உறுப்பே பயன்படும் உறுப்பு என்னும் பாடம் அதில் அடங்கியிருக்கிறது.

உறுப்புகளை நேர்வழியில் பெறுதல்

நம் மக்கள் தேக்கா என்று அழைக்கும் லிட்டில் இந்தியாவுக்கு அருகில், 1930ஆம் ஆண்டுகளில் தோன்றிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. கடிகாரம், வானொலி, துணிமணி, இரும்புச் சாமான் என எல்லாம் அங்குத் தரையில் விரித்து விற்கப்பட்டன. 2017 ஜூலை 10ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது. அருகிலுள்ள ஜாலான் புசார் வட்டாரம் இரும்புச் சாமான் கடைகளுக்குப் பெயர்பெற்றது. இன்று பழைய உறுப்பு வேண்டுவோர் பழுதுபார்க்கும் கடைகளையும், பழம்பொருள் வணிகரையும், வண்டியை விற்க விரும்பும் அண்டை வீட்டாரையும் நாடலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அடுக்குமாடி வீடுகளின் கீழே தூசி படிந்து நிற்கும் வண்டி உரிமையாளரற்றது என்று எண்ணுதல் தவறு. சிங்கப்பூரில் நகர மன்றத்தார் அத்தகைய வண்டிகளில் அறிவிப்பு ஒட்டி, உரியவருக்கு அவகாசம் கொடுத்த பின்னரே அகற்றுகின்றனர். பிறர் பொருளைக் கேளாமல் எடுப்பது எவ்வளவு பழைய பொருளாயினும் குற்றமே. விலை கொடுத்தோ, உரியவரின் ஒப்புதல் பெற்றோ கொண்டுவரும் உறுப்பே நம் உறுப்பு.

நேர்வழியில் பெற்ற கழிவு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. வாடகை மிதிவண்டி நிறுவனமான ஓபைக் 2018 ஜூனில் சிங்கப்பூரில் தன் சேவையை நிறுத்தியது. அதன் பின்னர், மைக் தான் துன் வின் என்னும் மியன்மார்த் தொழில்முனைவர், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பயனற்றுக் கிடந்த இத்தகைய வண்டிகளில் 10,000 வண்டிகளை விலைக்கு வாங்கும் திட்டத்தைத் தொடங்கினார். நெடுந்தூரம் நடந்து பள்ளி செல்லும் மியன்மார்ப் பிள்ளைகளுக்கு அவை வழங்கப்பட்டன.

சட்டத்தைச் சோதித்தல்

வண்டியின் முதுகெலும்பு அதன் சட்டம். முதன்முறையாகக் கட்டுபவர் எஃகுச் சட்டத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். அலுமினியச் சட்டம் வளைந்திருப்பின் அதனை நிமிர்த்த முயலலாகாது; அது விரிசல் காணும். எஃகிலும் முன்குழாய் இணையும் மூட்டுகளையும், பெடல் அச்சு அமையும் பகுதியையும் நன்கு துடைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலும் அச்சட்டம் வேண்டா. மேற்பரப்புத் துரு அஞ்சத்தக்கதன்று. கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெயோ வார்னிஷோ பூசினால் போதும். ஊசி முனை உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்திருந்தால் சட்டத்தை விட்டுவிடுக.

சட்டம் நேராக உள்ளதா என்பதை அறிய ஒரு நூல் போதும். பின்சக்கரம் பொருந்தும் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி இழுத்து, மறுபக்க முனையில் இறுகக் கட்டுக. இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். சமமில்லையெனில் சட்டம் கோணலானது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை ஒருமுறை வளைந்திருந்தால், அதனை நிமிர்த்திப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுதலே நலம்.

சக்கரமும் டயரும்

புதியவர் பெரிதும் ஏமாறும் இடம் இதுவே. டயரில் 26 என்று எழுதியிருப்பதால் 26 அங்குல வளையங்கள் அனைத்திலும் அது பொருந்திவிடாது. குரூசர் வண்டியின் பருத்த 26 அங்குல டயர் அமரும் வளையத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26க்கு 1⅜ என்று குறித்த பழைய வண்டியின் டயருக்கோ 590 மில்லிமீட்டர். நம்மவர் பெரிதும் அறிந்த 28க்கு 1½ அளவுக்கு 635 மில்லிமீட்டர். இந்த மூவிலக்க எண் பல டயர்களின் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் பார்த்தே வாங்க வேண்டும். பருத்த டயர் கவைக்கிடையே உராயாமல் சுழல இடமுண்டா என்பதையும் முன்னரே அளந்துகொள்க. டயரின் பக்கச் சுவரில் வெடிப்போ, நூல் தெரிதலோ இருப்பின் அது கழிக்கத்தக்கது. ரப்பர் முதுமையடையும் விதத்தை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெடலும் சங்கிலியும்

வலப்பெடல் மற்றத் திருகாணிகளைப்போல் வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். இடப்பெடலோ இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். இதனை அறியாமல் வலிந்து திருகிப் புரியை அழித்தவர் பலர். அச்சுகளிலுள்ள இரும்புக் குண்டுகளில் ஒன்று தேய்ந்திருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்றிப் புதிய கிரீஸ் இட வேண்டும்.

பற்சக்கரக் கணக்கு எளியது. முன்சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது 26 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றி, 5 மீட்டர் செல்லும். பின்பற்கள் 22 ஆனால் 4 மீட்டரே செல்லும். ஆயினும் ஏற்றத்தில் கால் நோகாது. சிங்கப்பூரின் சமதரைக்கு முன்னது ஏற்றது. மேடுபள்ளம் மிகுந்த தோட்டத்துப் பாதைக்குப் பின்னது பொருந்தும்.

கைப்பிடியை உயர்த்தி வைப்பது குரூசருக்கு அழகு. ஆனால் கைப்பிடித் தண்டிலும் இருக்கைத் தண்டிலும் ‘இதற்குமேல் வெளியே இழுக்கலாகாது’ என்பதற்கான கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும்.

பிரேக் இல்லாத வண்டி வண்டியன்று

இதுவரை கூறியவற்றில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் பணமும் உழைப்பும் வீணாகும். பிரேக்கில் பிழை நேர்ந்தால் உயிரே போகும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பின்சக்கரப் பிரேக் குரூசர் வண்டிகளில் வழக்கமானது. அது நல்லதே; ஆனால் சங்கிலி கழன்றுவிட்டால் அந்தப் பிரேக்கும் இல்லை. ஆதலின் முன்சக்கரத்தில் கைப்பிரேக் ஒன்றும் கட்டாயம் இருத்தல் வேண்டும். பிரேக் கம்பியையும் ரப்பர்க் கட்டைகளையும் புதியனவாகவே வாங்குக. மற்ற உறுப்புகளில் சேமித்த பணத்தை இதில் செலவிடுவதே சிக்கனம். குரோம் பூசிய வளையம் மழையில் நனைந்தால் கைப்பிரேக் எளிதில் பிடிக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒவ்வொரு விநாடியும் 5 மீட்டரைக் கடக்கிறது. இடையூற்றைக் கண்டு கை பிரேக்கைத் தொடுமுன்னரே ஒரு விநாடி கழிந்துவிடலாம். பிரேக்கே இல்லாதவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் இளைஞர் சிலர் பெடலும் சக்கரமும் இடையறாது சேர்ந்தே சுழலும் வண்டிகளில் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டி வந்தனர். பொதுப் பாதையில் செல்லும் மிதிவண்டியில் வேலைசெய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2021இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் விதி 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பாலத்துக்கு இப்பாலுள்ள ஜோகூர் பாருவில் நிகழ்ந்ததையும் நாம் மறத்தற்கில்லை. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியுமுன், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் நெடுஞ்சாலையில் கூடியிருந்த சிறுவர்களில் 8 பேர் கார் மோதி மாண்டனர். ‘பாசிக்கல் லாஜாக்’ எனப்படும் இவ்வகை வண்டிகளில் விரைவுக்காகப் பிரேக்கை அகற்றிவிடுவது பரவலாகக் காணப்பட்ட பழக்கம். அந்தச் சிறுவர்களுக்கும் கைத்திறன் இருந்தது. வண்டியைப் பிரித்துக் கட்டத் தெரிந்திருந்தது. எதனைக் கழற்றலாகாது என்றும், எங்கே எந்நேரத்தில் ஓட்டலாகாது என்றும் அருகிருந்து சொல்ல ஒரு பெரியவர் தேவைப்பட்டார்.

கட்டி முடித்தபின்

ஓட்டுமுன் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னோக்கித் தள்ளினால் முன்சக்கரம் சுழலலாகாது. கைப்பிடியில் ஆட்டமும் இருக்கலாகாது. முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பொருத்துக. ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டியபின் திருகாணிகள் அனைத்தையும் மறுமுறை இறுக்குக.

தோட்டத்து இளைஞர் மன்றங்கள் பள்ளி விடுமுறையில் இதனை ஒரு கூட்டுப் பயிற்சியாக நடத்தலாம். வெல்டிங் அறிந்தவர் ஒருவர், பழைய வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழகிய முதியவர் ஒருவர், கற்க விரும்பும் பிள்ளைகள் நால்வர் இருந்தால் போதும். துருப்பிடித்த சட்டத்திலிருந்து ஓடும் வண்டியொன்றை எழுப்பிய பிள்ளை அளவையும் பொருத்தத்தையும் பொறுமையையும் கற்றிருப்பான். தன் கையால் பொருத்திய பிரேக்கை நம்பி மேட்டிலிருந்து இறங்கும் அந்தப் பிள்ளை, நாளை எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும் அஞ்சமாட்டான்.