காற்றுவலுவும் அதன் எல்லையும்

பாய் விரித்துக் கலஞ் செலுத்திய மரபினராகிய எமக்குக் காற்றின் ஆற்றலை எடுத்துரைத்தல் மிகையாகும். அவ்வாற்றலை மின்னாக்குமிடத்து எவ்வளவு கிடைக்கும், எக்காலத்திற் கிடைக்கும் என்னும் இரு வினாக்களையே ஈண்டு ஆராய்வாம்.

காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் வலு எண்மடங்காகின்றது. வேகம் இரட்டிக்கும்போது ஒரு விநாடியில் விசிறியினூடே செல்லும் காற்றின் திணிவும் இரட்டிக்கும். அதன் ஒவ்வொரு கிலோகிராமும் கொண்ட இயக்கசக்தியோ நான்கு மடங்காகும். ஆகவே, விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் எட்டுப் பங்கு வலுவுடைய காற்று, 5 மீற்றராகத் தணிந்தால் ஒரு பங்கே உடையதாம். மாணவர் இதனை மனத்திற் பதித்தல் வேண்டும். காற்றாலையின் சிறப்பும் குறையும் பெரும்பாலும் இவ்விதியினின்றே பிறப்பன. அவ்வலு முழுவதையும் கவர்தலும் இயலாது. கவர்ந்தால், காற்று விசிறியின் பின்னே அசைவற்று நின்று, வருங்காற்றுக்கு வழிவிடாது. 59.3 வீதத்துக்கு மேற் பெறலாகாதென ஜேர்மானிய அறிஞர் பெற்ஸ் காட்டினார்.

இனி மன்னாரை நோக்குவோம். தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தில் 30 சுழலிகள் உள. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. இவ்வெண்ணைக் கண்டு மயங்கலாகாது. ஆண்டு முழுதும் முழுவலுவுடன் சுழன்றாற் கிடைக்கத்தக்க மின்னில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கே எதிர்பார்க்கப்பட்டது. அதுவும் நல்ல பேறே. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வலுத்து வீசும். மார்கழி, தை மாதங்களில் வாடை ஓரளவு துணைசெய்யும். பங்குனி, சித்திரையிலோ காற்றுத் தளரும். வெப்பம் மிகுந்து, வீடுதோறும் மின்விசிறி ஓயாது சுழல்வதும் அம்மாதங்களிலேயே!

இடத்தின் இடர்ப்பாடும் உண்டு. வடதேசப் பறவைகள் மாரியில் வந்திறங்கும் தாழ்ந்த நிலம் மன்னார். வெள்ளநீர் வடியும் வழிகள் தடைப்படுகின்றன என்று கூறி 2025இல் அங்குள்ள மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர். அம்முறைப்பாட்டை முன்னேற்றத்தின் பகையெனத் தள்ளுதல் நேர்மையன்று.

காற்றைச் சேமித்தல் அரிது. நீரைச் சேமித்தல் எளிது. மகாவலியின் கீழ்நிலை நீர்த்தேக்கங்கள் பெரிதும் வடகீழ்ப் பருவமழையால் நிரம்புவன. சோளகத்தின்போது காற்றே மின் தருமாயின், அந்நீரைத் தேக்கிவைத்துக் காற்று ஓய்ந்தபின் பயன்படுத்தலாம் என்பர். இக்கருத்து எமக்கும் உடன்பாடே. ஆயினும், அச்சோளக காலமே சிறுபோக காலமுமாகும். வயலுக்கு நீர் திறக்கவேண்டிய நாளைப் பயிரே குறிக்கின்றது. மன்னாரிற் காற்று வீசினாலும் வீசாவிடினும் அன்று மடை திறந்தேயாதல் வேண்டும்.