வீட்டுக் கணக்கும் வயல் கணக்கும்

நெல் சாகுபடி செய்யும் குடும்பத்திற்கு வரவு ஆண்டில் ஓரிரு முறைதான். செலவோ நாள்தோறும் உண்டு. பணம் குறைவாக இருப்பதைவிட, கையிருப்பும் கடனும் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பதுதான் பெரிய இடர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சம்பா நடவு முடிந்த சமயத்தில் தங்கை மகளின் காதணி விழா வருகிறது. தாய்மாமன் சீர் குறைந்தால் ஊரார் முன் தலைகுனிவு என்று எண்ணி, களையெடுப்புக்கும் மேலுரத்திற்கும் வைத்திருந்த 20,000 ரூபாயைக் கணவர் சீருக்குச் செலவிடுகிறார். மனைவி வருந்துவாரே என்று வீட்டில் சொல்வதில்லை. சீர் செய்வது தவறன்று. ஆனால் பயிர் காத்திருக்காது. கதிர் உருவாகும் பருவத்தில் தழைச்சத்துக் குறைந்தால் மணிகளின் எண்ணிக்கை குறையும். பிறகு உரமிட்டு அதை ஈடுசெய்ய முடியாது. எனவே அதே 20,000 ரூபாயை நூற்றுக்கு 3 ரூபாய் மாத வட்டிக்கு வெளியில் வாங்குகிறார். ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 3,600 ரூபாய். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கிப் பயிர்க்கடனாக வாங்கியிருந்தால் 700 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

மனைவியிடமோ பால் பணத்தில் சேர்த்த 8,000 ரூபாய் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், சீரைச் சற்றுக் குறைக்கவும் வழி சொல்லியிருப்பார். கடன் கொடுத்தவர் அறுவடையன்று களத்துமேட்டில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விவரம் தெரிகிறது. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்ற மனக்குறை வட்டியைவிடப் பெரிது. அடுத்த பருவத்திலிருந்து பால் பணத்தை அவரும் மறைக்கத் தொடங்குகிறார். இப்போது ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள்; இரண்டும் அரைகுறை.

ஆகவே நாற்று விடுமுன் ஒரு நாள் மாலை குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒரு நோட்டில் மாதவாரியாக ஒரு பக்கம் உழவு, நடவு, களை, உரம், அறுவடைச் செலவுகளையும், எதிர்ப்பக்கம் பள்ளிக் கட்டணம், பண்டிகை, சீர், மருத்துவச் செலவுகளையும் எழுதவும். எழுத நேரமில்லையெனில் பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். வீட்டு நிலைமை அதற்கும் தெரிவது நல்லதே. இரு பக்கச் செலவும் எந்த மாதத்தில் மோதுகின்றன என்பது உடனே புலப்படும். அந்த மாதத்திற்கு முன்பே கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உழவர் கடன் அட்டைத் திட்டத்தில், பயிர்ச் செலவுக்கான கடன் வரம்புடன் அதில் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் என்று சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பலர் இதை அறியாமல் கந்துவட்டிக்குப் போகின்றனர். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்தினால் வட்டியே இல்லை. தவணைத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, கணவன் மனைவி இருவருக்கும் தெரியும்படி வைக்கவும். தேதி தவறினால் இந்தச் சலுகை கிடைக்காது.