பருவமும் மூச்சும்: முருங்கன் ஊரை வைத்து ஒரு பாடம்

மழையைப் பார்த்து விதைக்கிறோம். குளத்து நீரைப் பார்த்துச் சிறுபோகத்தைத் தீர்மானிக்கிறோம். ஆனால் நாம் சுவாசிக்கும் காற்று எந்த மாதத்தில் நல்லது, எந்த மாதத்தில் தீயது என்று கணக்குப் பார்ப்பதில்லை. மழையைப் போலவே காற்றின் சுத்தத்துக்கும் பருவம் உண்டு. அதை அறிந்த குடும்பம், பிள்ளைகளுக்கு இருமலும் முட்டும் வருமுன் ஆயத்தமாகலாம்.

மன்னார் மாவட்டத்து முருங்கனை உதாரணமாக எடுப்போம். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் சிறு நகரம் அது. மழையின் பெரும்பகுதி ஆண்டின் கடைசி மாதங்களிலேயே கிடைக்கிறது. இடம்பெயர்ந்து வேறு ஊரில் குடியிருப்போர், தாம் இப்போது வாழும் இடத்தின் மண்ணையும் காற்றுத் திசையையும் இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தூசியும் புகையும்

கண்ணுக்குத் தெரியும் தூசியின் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். புகையிலுள்ள நுண்துகள்கள் அப்படியல்ல. 2.5 மைக்ரோனிலும் சிறிய இவை தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் நுரையீரலின் அடிவரை சென்றுவிடும். இத்தகைய துகள்கள் ஒரு நாளில் சராசரியாகக் கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது.

காற்றின் நாட்காட்டி

ஒக்ரோபர் – டிசம்பர்: மழை காற்றைக் கழுவுகிறது, மண் நனைந்து தூசி அடங்குகிறது. ஆயினும் வாடைக் காற்று தொலைவிலிருந்தும் மாசைக் கொண்டுவரலாம். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்த நாட்களில் இந்தியப் பக்கத்திலிருந்து வந்த மாசு இலங்கையில் பரவியது. குளிரும் மாசும் சேர்ந்ததால் டிசம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன.

ஜனவரி – மார்ச்: காலபோக அறுவடைக் காலம். சூடடிக்கும்போதும் தூற்றும்போதும் பதரும் சுணையும் பறக்கின்றன. வைக்கோலும் உமியும் எரிக்கப்படுகின்றன. இரவில் நிலம் குளிர்வதால் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும். அதனால் மாலையில் மூட்டிய தீயின் புகை மேலெழாமல் விடியும்வரை ஊருக்குள்ளேயே நிற்கும்.

மே – செப்ரெம்பர்: சோளகம் பலமாக வீசும், மழை அரிது. முருங்கனின் கரிய களிமண் காய்ந்து வெடிக்கும். உழவு இயந்திரங்களின் சில்லுகள் அதை மாவாக்க, காற்று அள்ளிச் செல்லும். கிறவல் வீதியோரக் குடிசைகளுக்கே பாதிப்பு அதிகம். ஓகஸ்ற், செப்ரெம்பரில் சேனைக்காகக் காடு எரிக்கும் புகையும் சேரும்.

நாம் செய்யக்கூடியவை

1. வைக்கோலை எரிக்காதீர்கள். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே இருக்கிறது. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும். வயலில் பரப்பி உழுதுவிடுங்கள். அல்லது சாணத்துடன் குவித்துக் கூட்டெரு ஆக்குங்கள்.

2. அடுப்பின் இடத்தைக் கவனியுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றன. கொட்டிலின் தென்கிழக்கு மூலைக்கு வெளியே அடுப்பு இருந்தால், இரு பருவத்திலும் புகை பெரும்பாலும் பக்கவாட்டில் போய்விடும். முன்னோர் சொன்ன அக்கினி மூலையும் அதுதான். தறப்பாளுக்குத் தீ பிடிக்காதபடி தள்ளியே வையுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும்.

3. தென்மேற்கு எல்லையில் சீமைக்கிளுவை, வேம்பு, பனை நடுங்கள். சீமைக்கிளுவைத் தடி மழைக்காலத்தில் ஊன்றினால் விரைவில் வேலியாகும், தழை உரமாகும்.

4. சூடடிக்கும்போது காற்று வரும் பக்கம் நில்லுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். துணி பெருந்தூசியைத் தடுக்கும், நுண்புகையைத் தடுக்காது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறுவது நுரையீரலுக்குக் கேடு.

5. பிளாஸ்டிக்கையும் பழைய ரயர்களையும் ஒருபோதும் எரிக்காதீர்கள்.

எப்போது வைத்தியசாலைக்குப் போகவேண்டும்?

பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்காதீர்கள். மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும் உடனே கொண்டுசெல்லுங்கள். கடதாசியும் மணிக்கூடும் போதும். இதை எந்தத் தாயும் செய்யலாம்.

குழுவாகக் கலந்துரையாட

• எமது குடியிருப்பில் இருமல் அதிகமாகும் மாதங்கள் எவை? அப்போது காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது?

• சென்ற அறுவடையில் எரித்த வைக்கோலை வேறு எதற்குப் பயன்படுத்தியிருக்கலாம்?

• காணி சொந்தமில்லாத இடத்தில், அடுத்த சோளகத்துக்கு முன் நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை எது?