33ஆவது கட்டளை எங்கே போனது?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டேட்டா லாகர் செய்யும் சிறு நிறுவனத்தில் வேலை. எங்கள் ஸ்டோரேஜ் கார்டுக்கு லினக்ஸ் டிரைவரை நானே எழுதினேன். கட்டளைகளுக்கு 32 டேக் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. 48 ஆக்கியதும் லோடு கூடும்போது டேட்டா கலைகிறது. எந்த டேக் காலி என்று காட்டும் பிட்மேப்புக்கு 6 பைட் ஒதுக்கியிருக்கிறேன். கர்னலின் ‘எஃப்எஃப்ஜெட்’டால் காலி பிட்டைத் தேடி, அன்சைன்ட் இன்ட் 1ஐ டேக் எண் அளவுக்கு நகர்த்திக் குறிக்கிறேன். எங்கே பிழை?

பதில்: அந்த 1இல்தான். இன்ட் என்பது 32 பிட். அதை 32 இடம் நகர்த்தினால் என்ன வரும் என்பதற்கு சி மொழி பொறுப்பேற்காது. இன்டெல் செயலியில் பெரும்பாலும் சுற்றி வந்து 0ஆம் பிட்டில் விழும். 33ஆவது கட்டளைக்கு 32ஆம் டேக் கிடைக்கிறது, குறியோ 0இல் விழுகிறது. 32 இன்னும் காலி என்று நம்பி அடுத்த கட்டளைக்கும் அதையே கொடுக்கிறீர்கள். டேட்டா கலையாமல் என்ன செய்யும்?

6 பைட்டும் தப்பு. கர்னல் பிட்மேப்பை ‘லாங்’ கணக்கில்தான் படிக்கும். 64-பிட் கணினியில் 8 பைட் வேண்டும். கர்னலில் நினைவகம் ஒதுக்கும் ‘கேமலாக்’ 6 கேட்டாலும் 8 தந்துவிடுவதால் இதுவரை பிழைத்தீர்கள். நினைவகப் பிழை பிடிக்கும் ‘கேசானை’ இயக்கியிருந்தால் அன்றே கத்தியிருக்கும்.

1ஐ லாங் ஆக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். நாளை 32-பிட் ஆர்ம் போர்டுக்கு மாறினால் லாங்கும் 32 பிட்தான், பழைய கதை திரும்பும். கையால் நகர்த்துவதையே விடுங்கள். ஒதுக்க ‘பிட்மேப்_ஜலாக்’ (2018இல் 4.19 கர்னலோடு வந்தது), தேட ‘ஃபைண்ட்_ஃபர்ஸ்ட்_ஜீரோ_பிட்’, காலி இல்லையென்றால் அது 48 என்றே திருப்பும், அதையும் சோதியுங்கள்.

தேடுவதும் குறிப்பதும் தனித்தனி வேலை என்பதையும் பாருங்கள். ஆலை வாசலில் இரண்டு வாட்ச்மேன்கள் ஒரே பலகையைப் பார்த்து, ஒரே டோக்கனை இரண்டு பேருக்குச் சொல்லிவிடுவது போல, இரண்டு கோர்கள் ஒரே டேக்கை எடுக்கும். ‘டெஸ்ட்_அண்ட்_செட்_பிட்’ பழைய மதிப்பைத் திருப்பித் தரும். 1 வந்தால் வேறொருவர் முந்திவிட்டார், மறுபடி தேடுங்கள். முன்னால் இரட்டை அடிக்கோடு போட்ட ‘செட்_பிட்’ ஸ்பின்லாக்குக்குள் மட்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்று கேட்கிறேன்: உங்கள் டிரைவர் கர்னலின் பிளாக்-எம்கியூ வழியாகவா போகிறது? ஆமென்றால் பிட்மேப்பே வேண்டாம். ‘க்யூ_டெப்த்’ 48, ஹார்டுவேர் க்யூ ஒன்று என்று வையுங்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் 0 முதல் 47 வரை தனக்கென ஒரு டேக்கோடு வரும். அதையே கார்டுக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் எழுதிய பிட்மேப் கோடை அழித்துவிடலாம்.